மழை வராது என்று சொன்ன நாள்

போன மாதம் ஒரு இளம் பௌதிகவியல் ஆசிரியர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். அவருடைய பாடசாலையில் ஒரு கருத்தரங்காம். தலைப்பு, 'இறைவன் இருக்கின்றான் என்ற நம்பிக்கையை விஞ்ஞானம் ஆதரிக்கின்றதா?'

"நீங்க வாழ்நாளெல்லாம் வானிலை அவதானிப்பில இருந்தவங்க. அஞ்சு நேரத் தொழுகையும் விடாத ஆள். உங்கள விட்டா இதுக்குப் பொருத்தமான ஆள் ஆரு சேர்?" என்றார். பத்து நிமிடம் பேசினால் போதுமாம். உலகம் உண்டான நாளில் இருந்து பேசி முடியாத விசயத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதிலும் கால்வாசி வந்திருப்பவர்களின் பெயரைச் சொல்வதிலேயே போய்விடும்.

"தம்பி, நான் மழைய அளந்தவன். மழைய அனுப்புறவனப் பத்தி என்னட்டக் கேட்டா என்னத்தச் சொல்ல?" என்று தட்டிக்கழிக்கப் பார்த்தேன். தேத்தண்ணி கொண்டு வந்து வைத்த என் மனைவி சுபைதா, "அந்தக் கருவாட்டுக் கதையச் சொல்லுங்களன். ஊருக்கெல்லாம் சொல்றீங்க, இவருக்கு மட்டும் என்ன பெரிய பிகு?" என்று மாட்டிவிட்டாள். ஆகவே சொன்னேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

என் பெயர் ஆதம்லெவ்வை. ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வீடு காட்ட மாட்டார்கள். 'மழை லெவ்வை' என்று கேட்க வேண்டும். கல்முனைக்குடிக்குப் பக்கத்தில் கடற்கரையைப் பார்த்தபடி ஒரு சிறிய வானிலை அவதான நிலையம் இருந்தது. அங்கேதான் என் உத்தியோகம். கொழும்பில் நடந்த பயிற்சியைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. முகில்களின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், சாப்பாட்டுக் கடைச் சோற்றில் மெலிந்தேன், ஊருக்கு வந்தேன். உண்மையான படிப்பு வந்த பிறகுதான் தொடங்கியது. அதைச் சொல்லித் தந்தவர் எங்கள் பொறுப்பதிகாரி தம்பிராசா சேர்.

அவர் காரைதீவு ஆள். நெற்றி நிறையத் திருநீறு, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, நடக்கும்போது சத்தம் வராத செருப்பு. யாரையும் திட்ட மாட்டார். பிழை செய்தவனின் பக்கத்தில் வந்து நின்று, அவன் செய்ததையே தானும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைவிடத் திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

மழைமானியில் விழுந்த தண்ணீரை அளவுச் சாடியில் ஊற்றி அளப்பதை அவர் ஒரு வணக்கம் மாதிரிச் செய்வார். சாடியை மட்டமான கல்லில் வைப்பார். முழங்காலை மடித்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டு வருவார். தண்ணீரின் மேற்பரப்பு ஓரங்களில் ஏறி நடுவில் பள்ளமாகப் பிறை வடிவத்தில் இருக்கும். அந்தப் பிறையின் அடியைத்தான் வாசிக்க வேண்டும். "பிறை பாக்கிறதில உங்கட ஆக்கள் கெட்டிக்காரர்தானே லெவ்வை. இந்தப் பிறையையும் சண்டை பிடிக்காமப் பாருங்க" என்பார். அளந்து முடித்த தண்ணீரைக் கீழே கொட்ட விடமாட்டார். வேலியோரம் நின்ற செவ்வரத்தை மரத்தின் அடியில் போய் ஊற்றுவார். அந்தப் பூ வெள்ளிக்கிழமை அவருடன் கோயிலுக்குப் போகும். ஏன் சேர் இப்படி என்று கேட்டதற்கு, "அளக்கிற மட்டும் தண்ணி அரசாங்கத்துடையது. அளந்த பிறகு எங்கடது" என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாரியில் ஒரு நல்ல மழை பெய்தது. அளவை எழுதிவிட்டு, பக்கத்தில் குறிப்பு எழுதும் இடத்தில் 'அல்லாஹ்வின் அருளால் மிக நல்ல மழை' என்று அழகான எழுத்தில் எழுதி வைத்தேன். சேர் வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இஞ்ச எவ்வளவு விழுந்தது எண்டுதான் கேட்டிருக்கு லெவ்வை. ஆர் தந்தது எண்டு கேக்கல்லையே."

"நீங்க நம்பல்லையா சேர்?" என்று கேட்டுவிட்டேன். இளம் ரத்தம்.

"நம்பாமலா இதப் பூசிற்று வாறன்?" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "ஆனா இந்தச் சாடியில கோடு போட்டிருக்கிறது எவ்வளவு எண்டதுக்கு மட்டுந்தான். ஆரு எண்டதுக்குக் கோடு இல்ல. கோடு இல்லாத இடத்தில வாசிச்சா அது வாசிப்பு இல்ல, கற்பனை."

அவர் சொல்லித் தந்த இரண்டாவது பாடம், மழை வரும் என்றோ வராது என்றோ ஒருநாளும் வாயால் சொல்லக் கூடாது என்பது. 'வாய்ப்பு உண்டு', 'வாய்ப்புக் குறைவு', இந்த இரண்டும்தான் எங்கள் வாயில் வரலாம். ஆனால் ஊர் இதை ஏற்கவில்லை. கலியாணம், பொடியன்களின் சுன்னத்து, புதுத் தோணி இறக்குவது, வீட்டுக்கு ஓடு மாற்றுவது என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் வருவார்கள். 'வாய்ப்பு உண்டு' என்றால் கோபிப்பார்கள். "அரசாங்கம் சம்பளம் தாறது இந்த மழுப்பலுக்கா?" என்று ஒருவர் பள்ளி வாசலில் வைத்தே கேட்டார். அதனால் என் வாயை விட்டுவிட்டு என் நடமாட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் குடை கொண்டு போனால் மிளகாய் காயப் போட்டவர்கள் அள்ளுவார்கள். சுபைதா உடுப்புக் காயப் போட்டால் தெருவே காயப் போடும். அவளோ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "உங்கட கருவிய நம்பி உடுப்புக் காயப் போட்டா நாம ஈரத்தோடதான் திரியணும்" என்பாள். ஊர் நம்பிய விஞ்ஞானம் உண்மையில் சுபைதாவின் மூக்குத்தான்.

இனி அந்தக் கருவாட்டுக் கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. சவளக்கடைப் பக்கத்து மேட்டு வயல்களில் மழையை நம்பிப் புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டார்கள். வாய்க்கால் தண்ணீர் ஏறாத காணிகள் அவை. விதை மண்ணுக்குள் கிடக்கிறது. மேலே வெயில், கீழே எறும்பு, நடுவில் கொக்கும் புறாவும். இன்னும் கொஞ்ச நாள் போனால் முளைக்க விதையே இருக்காது.

எங்கள் பள்ளிவாசல் தலைவர், பெரிய நிலக்காரரான மீராமுகைதீன் போடியாருக்கும் அங்கே வயல் இருந்தது. ஆனால் அவருக்கு வயலைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவருக்கு முன் தலைவராக இருந்தவர் ஒரு வறட்சியில் மழைத் தொழுகை நடத்தி, மழை வராமல், அன்றிலிருந்து சாகும்வரை 'வெயில் தலைவர்' என்ற பட்டத்தோடு வாழ்ந்தார். போடியாருக்கு அந்தப் பட்டம் வேண்டாம். ஆகவே ஒருநாள் இதரை வாழைக்குலை ஒன்றை ஆளிடம் தூக்கிக்கொடுத்து எங்கள் நிலையத்துக்கு வந்துவிட்டார்.

"தம்பி லெவ்வை, மழைத் தொழுகை வைக்கப் போறம். மார்க்கக் கிதாபில உள்ளபடி முன்னுக்கு மூணு நோன்பு புடிக்கணும். நாலாம் நாள் நோன்போடதான் தொழப் போறது. அதால நாலு நாளைக்கு முந்தியே சொல்லிரு. எண்டைக்கு மழை?"

"போடியார் காக்கா, மழை எண்டைக்கு எண்டு தெரிஞ்சா மறுகா என்னத்துக்குத் தொழுகை?"

"தொழுகையும் வேணும், மழையும் வேணும். ரெண்டும் ஒரே நாளில வந்தா உனக்கென்ன நட்டம்?"

நான் தம்பிராசா சேரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். "எங்கட கோயில் ஆக்களும் வந்து கேட்டவங்க போடியார். அம்மனிட்டக் கேளுங்க, என்னட்டக் கேக்காதீங்க எண்டு அனுப்பிற்றன்" என்றார். போடியார் அசையவில்லை. கடைசியில், கொழும்பில் இருந்து வந்த அறிவிப்பைப் பார்த்து, வெள்ளிக்கிழமை அளவில் வாய்ப்பு உண்டு என்று மட்டும் சொன்னேன். சத்தியமாக அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

என் 'வாய்ப்பு உண்டு' நிலையத்து வாசலைத் தாண்டும்போது 'வரும்' ஆகிவிட்டது. சந்தைக்குப் போனபோது 'வெள்ளிக்கிழமை கட்டாயம் வரும்' ஆனது. கடற்கரையை அடைந்தபோது அதிகாலைச் சுபஹுக்குப் பிறகு, மதிய ஜும்ஆவுக்கு முந்தி, காற்றோடு சேர்ந்த கனமழை. நான் வீட்டுக்குப் போவதற்குள் எனக்கே ஒருவர் இதை ரகசியமாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ஊர் திரண்டு கடற்கரை மணலுக்கு வந்தது. பழைய உடுப்போடு வர வேண்டும் என்று மௌலவி சொல்லியிருந்தார். கிழவர்கள், குழந்தைகள், ஒரு ஓரத்தில் மறைப்புக்குப் பின்னால் பெண்கள். ஆடுமாடுகளையும் கொண்டு வருவது நல்லது என்று கிதாபில் இருக்கிறது என்பதால் அவையும் வந்திருந்தன. வாயில்லாச் சீவன்களின் பசியையும் இறைவன் பார்க்கட்டும் என்பது கருத்து. அவற்றில் ஒரு கிடாய் தன் பசியை மற்றவர்களுக்கும் காட்டியது. முன்வரிசையில் நெற்றியை மணலில் வைத்து ஸுஜூதில் இருந்த ஒருவரின் தொப்பியைத் தின்னத் தொடங்கி, அவர் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்போது பாதியைத் தின்றிருந்தது.

மௌலவி அட்டாளைச்சேனைப் பக்கத்து ஆள். வயது முப்பதைத் தாண்டாது. பேச்சு மெதுவாக, கண் கூர்மையாக இருக்கும். அவர் குத்பாப் பிரசங்கம் ஓத எழுந்து, கூட்டத்தைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். நேற்று வரை அந்தக் கரை முழுக்கக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. இன்று ஒரு நெத்தலி கூட இல்லை.

"கருவாடெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

பின்வரிசையில் இருந்த ஒரு அப்பாவி, "மழை வரும் எண்டு போடியார் சொன்னார் மௌலவி. ராவே அள்ளி ஊட்டுக்குக் கொண்டுபோயிட்டம்" என்றான்.

"நான் இன்னும் துஆவே கேக்கல்லயே. போடியாருக்கு ஆரு சொன்ன?"

மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்தது. ஆடுகளும் பார்த்த மாதிரித்தான் எனக்குப் பட்டது. மௌலவி குத்பாவை ஓதினார், மழைத் தொழுகை முறைப்படி சால்வையைப் புரட்டிப் போட்டார், கையேந்தித் துஆக் கேட்டார். வானம் கழுவித் துடைத்த பீங்கானாக இருந்தது. ஜும்ஆ வந்தது, போனது. பின்னேரம் வெயில் கொஞ்சம் கூடியது.

இதில் எனக்கு இன்றைக்கும் விளங்காத ஒன்று உண்டு. மழை பெய்திருந்தால் அல்லாஹ் தந்தான் என்றிருப்பார்கள். பெய்யவில்லை, அதனால் மழை லெவ்வை கெடுத்துவிட்டான் என்றார்கள். ஒருவருடைய ஈமானும் குறையவில்லை. காற்றின் அமுக்கம் காட்டும் எங்கள் பாரமானியில் இருந்த நம்பிக்கைதான் குறைந்தது. கருவாட்டுக்காரர்கள் என் வீட்டு வாசலுக்கே வந்து, ஒருநாள் வெயில் வீணாய்ப் போனதற்குக் கணக்குக் கேட்டார்கள். சுபைதா அன்று பார்த்து உடுப்புக் காயப் போட்டிருந்தாள். அதுவும் என் குற்றமாயிற்று.

அடுத்த நாள் மௌலவி நிலையத்துக்கு வந்தார், பின்னால் போடியார். சண்டைக்கு என்றுதான் நினைத்தேன். மௌலவி தம்பிராசா சேருக்கு முன்னால் அமர்ந்து, "திரும்பவும் தொழப் போறம் சேர். இந்த முறை ஆரும் நாள் பாக்கக் கூடாது" என்றார்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிழையா நினைக்காதீங்க மௌலவி. நான் கருவி பாக்கிற ஆள், எனக்குத் தெரிஞ்ச மாதிரிச் சொல்றன். மழை வரும் எண்டு தெரிஞ்ச நாளில கேட்டா, வந்தாலும் அதில ஒண்டும் தெரியாது. கேக்காட்டியும் வந்திருக்கும். வராது எண்டு தெரிஞ்ச நாளிலதான் கேக்கோணும்."

போடியார் பதறிப்போனார். "வராது எண்டு தெரிஞ்சா எந்த மடையன் சேர் கேப்பான்?"

"அப்பதான் கேக்கிற போடியார்" என்றார் மௌலவி. "வரும் எண்டு தெரிஞ்சா அது கேக்கிறதில்ல, வரவேற்கப் போறது." பிறகு சேரைப் பார்த்து, "ஆனா சேர், நான் அல்லாஹ்வச் சோதிச்சுப் பாக்கவும் மாட்டன். வந்தா இரிக்கிறான், வராட்டா இல்ல எண்டு கணக்குப் போடுற வேல எனக்கு வேணாம். எனக்கு ஒரு நாள் வேணும், அவ்வளவுதான். ஆரும் கருவாட அள்ளாத நாள்."

திருநீறு பூசியவரும் தொப்பி போட்டவரும் வேறுவேறு வழியால் வந்து ஒரே இடத்தில் நின்றார்கள். இருவருக்கும் அது பிடித்திருந்தது. போடியார் மட்டும் வாழைக்குலையைத் திருப்பி எடுத்துப் போகலாமா என்ற யோசனையில் இருந்தார்.

நாளைக் குறித்தார்கள். அதற்கு முதல் நாள் பின்னேரம், ஊரில் எல்லாருக்கும் அக்காவான ஆசியாக்கண்டு ராத்தா வந்தார். இந்தக் கதையில் உண்மையாகவே இழக்க ஏதாவது இருந்த ஆள் அவர்தான். கணவர் மௌத்தாகிவிட்டார். மகள் ஒருத்தி. கலியாணம் பேசி முடித்தாயிற்று. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத் தாய்தான் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. சீதனமாகத் தாயிடமிருந்து வந்த சவளக்கடை மேட்டு வயலில் விளைவதை வைத்துத்தான் கூரை. மாப்பிள்ளை வீட்டார் சித்திரை வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவரை அடுப்பு எரிவதற்குக் கடற்கரையில் கருவாடு போட்டிருந்தார். மழை வந்தால் கருவாடு போகும், வராவிட்டால் கூரை போகும்.

"தம்பி, நாளைக்கு மழை வருமா?"

"வாய்ப்புக் குறைவு, ராத்தா."

"இந்தக் கதையெல்லாம் எனக்கு வேணாம். பெரிய பாரை மீன் வெட்டி நேத்துத்தான் போட்டிரிக்கன். அள்ளவா, விடவா? ஓமா, இல்லையா?"

அவருடைய முகத்தைப் பார்த்து என்னால் 'வாய்ப்பு' என்ற சொல்லை மறுபடி சொல்ல முடியவில்லை. காற்று, அமுக்கம், கொழும்பு அறிவிப்பு எல்லாம் மழை இல்லை என்பதில் ஒன்றாகத்தான் நின்றன. "வராது ராத்தா. விடுங்க" என்றேன். உத்தியோகத்தில் நான் வெட்டொன்றாகச் சொன்ன ஒரே பதில் அது.

"சரி" என்று எழுந்தார். "அப்ப கருவாட விடுறன். விடியத் தொழுகைக்கு வாறன்."

"ராத்தா, மழை வராது எண்டு என்னை நம்பிக் கருவாட விடுறீங்க. மழை வேணும் எண்டு கேக்கவும் போறீங்களா?"

"ஓம். அதுக்கென்ன?" என்று என்னை ஒரு மடையனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீ சொன்னது வானத்தப் பாத்து. நான் கேக்கப் போறது வானத்துக்குச் சொந்தக்காரனிட்ட. உனக்கும் எனக்கும் இதில என்ன சண்டை?"

இரண்டாவது தொழுகைக்கு வந்தவர்கள் முதலாவதில் பாதிகூட இல்லை. வயலில் விதை கிடந்தவர்கள் மட்டும் வந்தார்கள். எனக்குக் கடமை நேரம், ஆனாலும் நோன்பு பிடித்திருந்தேன். நானும் சேரும் வேலியோரம் நின்று பார்த்தோம். கரை நெடுகக் கருவாடு காய்ந்தது. அந்த மணத்துக்கு நடுவில்தான் தொழுதார்கள். மௌலவி துஆக் கேட்கத் தொடங்கியதும் மறைப்புக்குப் பின்னால் இருந்து ஒரு பெண் குரல் ஆமீன் சொல்லி உடைந்து அழுதது. யாருடையது என்று எனக்குத் தெரியும். வராது என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு நானும் ஆமீன் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் சேர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் நின்றிருந்தார். மணல் சூடு என்று அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மேற்கே, சவளக்கடைப் பக்கம், வானம் கறுத்தது. அந்தப் பருவத்தில் பின்னேர இடிமழை சில நாட்களில் வரும். உள்நாட்டில் எழும்பிக் கடலைப் பார்த்து வரும். எல்லா நாளும் வராது, வரும் நாளை யாராலும் சொல்லவும் முடியாது. நான் பாரமானியைப் பார்த்தேன். அது ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது. முதல் துளி மழைமானியில் டங்கென்று விழுந்தது. பிறகு அடித்தது பாருங்கள், தென்னைகள் தெரியாத மழை.

கடற்கரையில் படங்கும் பாயுமாக ஓட்டம். தொழுகைக்கு வராத கருவாட்டுக்காரர்கள் என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே அள்ளினார்கள். மழையின் இரைச்சலில் பாதிதான் கேட்டது. பாதியே போதுமாக இருந்தது.

மழை தூறலானபோது பின்னேரத்து அளவீட்டு நேரமும் வந்தது. அப்போது நிலையத்துப் படலையைத் தள்ளிக்கொண்டு ஆசியாக்கண்டு ராத்தா வந்தார். தலை முதல் கால் வரை ஈரம். இடுப்பில் ஓலைப் பெட்டி, அதற்குள் ஊறிப்போன பாரைக் கருவாடு.

"லெவ்வை, உங்கட ராத்தா வாறா" என்றார் சேர். "நான் உள்ளுக்குப் போய் வெப்பமானியப் பாக்கிறன்." வெப்பமானி வெளியேதான் இருந்தது.

ராத்தா பெட்டியை என் காலடியில் வைத்தார். "வராது எண்டு சொன்னியே."

"ஓம் ராத்தா."

"வயல் பக்கம் நல்லாப் பேஞ்சிரிக்காம். சைக்கிளில வந்த பொடியன் சொன்னான்." ஈர முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "நீ வரும் எண்டு சொல்லியிருந்தா நான் சும்மா கையத் தூக்கி ஆமீன் சொல்லிப் போட்டு வந்திருப்பன் தம்பி. வராது எண்டு சொன்ன. ராவெல்லாம் நித்திரை இல்ல. இனி ஆரிட்டப் போய்க் கேக்கிற எண்டு அழுதழுது கேட்டன்."

நான் என் வேலையைச் செய்தேன். மழைமானியைத் திறந்து, தண்ணீரைச் சாடியில் ஊற்றி, கல்லில் வைத்து, முழங்காலை மடித்து, பிறையின் அடியை வாசித்தேன். ராத்தாவும் பக்கத்தில் குந்திப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? அத்தனை மழையும் இதுக்குள்ளயா?"

"இந்த வட்டத்துக்குள்ள விழுந்தது மட்டுந்தான், ராத்தா."

"இத என்ன செய்வீங்க?"

அப்போது பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. நானும் ராத்தாவும் நோன்பாளிகள். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் இல்லை, தண்ணீர்ச் செம்பும் உள்ளே. வெப்பமானி பார்க்கப் போன சேர் வந்து, சாடியை இரண்டு கையாலும் எடுத்து ராத்தாவிடம் நீட்டினார்.

"அளந்து முடிஞ்சுது. இனி எங்கடதுதான். குடிங்க."

ராத்தா பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தார். பிறகு நான். மழைத் தண்ணீருக்குச் சுவை இல்லை என்று எங்கோ படித்திருக்கிறேன். எழுதியவர் நோன்போடு குடித்திருக்க மாட்டார். மிச்சத்தைச் சேர் கொண்டுபோய்ச் செவ்வரத்தைக்கு ஊற்றினார். ராத்தா போகும்போது பெட்டியை விட்டுவிட்டுப் போனார். "இத நீங்க ரெண்டு பேரும் தின்னுங்க. வராது எண்டு சொன்னதுக்கு." சேர் மரக்கறிச் சாப்பாட்டுக்காரர். அந்தக் கருவாட்டின் நாற்றம் நிலையத்தை விட்டுப் போகக் கனகாலம் எடுத்தது.

விடிந்ததும் போடியார் வந்தார், புதுச் சட்டையோடு. அவருக்கு ஒரு அத்தாட்சிப் பத்திரம் வேண்டுமாம். துஆவினால்தான் மழை பெய்தது என்று நிலையம் எழுதித் தந்தால், கண்ணாடி போட்டுப் பள்ளியில் மாட்டப் போகிறாராம். "விஞ்ஞானமே ஒப்புக்கொண்ட மாதிரி இரிக்கும்" என்றார்.

சேர் ஒரு தாளில் பெய்த மழையின் அளவை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். போடியார் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதில அல்லாஹ்வக் காணல்லயே?"

"சாடியில கோடு இருக்கிறதத்தான் எழுதலாம், போடியார்."

போடியார் தாளுடன் மௌலவியிடம் போனார். மௌலவி வாங்கி வாசித்துவிட்டுக் கேட்டாராம், "போடியார், போன வெள்ளிக்கிழமை மழை வரல்ல. அதுக்கும் ஒரு சேட்டிபிக்கட் எடுத்துப் பக்கத்தில மாட்டுவமா?" போடியார் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதன்பிறகு அதை யாரும் காணவில்லை.

நெல் முளைத்தது. அந்த மாரி ஒழுங்காக நடந்தது. மாசியில் வெட்டினார்கள், பங்குனியில் ராத்தாவின் மகள் வீட்டுக்கு ஓடு ஏறியது. சித்திரையில் ஒருநாள் ராத்தா கலியாணம் சொல்ல நிலையத்துக்கு வந்தார். பந்தல் முற்றத்தில் என்றார். ஐந்நூறு பேருக்கு, ஒரு தட்டைச் சுற்றிப் பலர் உண்ணும் சகன் சோறு வெளியிலேதான் என்றார். பழக்கதோசத்தில் நான் பாரமானிப் பக்கம் திரும்பினேன்.

"வேணாம், வேணாம்" என்று கையைப் பிடித்து நிறுத்தினார். "கேக்க வரல்ல. மழை வராது எண்டு மட்டும் வாயத் திறந்து சொல்லிராத எண்டு சொல்லத்தான் வந்தன், தம்பி."

நான் வாயைத் திறக்கவில்லை. கலியாணத்தன்று நல்ல வெயில்.

இதையும் ஒரு ஆதாரமாக எழுதிக்கொள்ள அந்த இளம் ஆசிரியர் பேனாவை எடுத்தார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.